உங்களுக்குத் தெரியுமா? மகிழடியில் ஒரு சபதம்

ஷேக்ஸ்பியரின் ரோமியோவும் ஜூலியட்டும் கல்லறையில் மாள, காளிதாசரின் சகுந்தலை நாயகனோடு மீண்டும் கூட, 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடிய திருவொற்றியூர்க் காதலோ இவ்விரு வகையிலும் அடங்காமல் நிற்கிறது. ஒற்றியூர்க் கோயிலில் பூமாலை தொடுக்கும் திருப்பணி பூண்டிருந்த சங்கிலியாரை மணக்க விரும்பிய சிவனடியார் சுந்தரர், 'பிரியேன்' என்று தாம் சந்நிதியில் சபதம் செய்யும் வேளையில் இறைவன் கருவறையை விட்டு மகிழமரத்தடியில் எழுந்தருளியிருக்க வேண்டுமென்று பிரார்த்திக்க (தேர்ந்த வக்கீலுக்கும் தோன்றாத யுக்தி!), இறைவனோ சங்கிலியாரின் கனவில் தோன்றி, சபதத்தை அம்மகிழடியிலேயே பெற்றுக்கொள்ளுமாறு அறிவித்துவிட்டார்.

அங்கே சபதம் செய்து மணந்த பின், வசந்தகாலத்தில் திருவாரூர் நினைவு மேலிட்டு, சபதத்தை மீறி ஊரெல்லையைக் கடந்த கணமே சுந்தரர் இரு கண்களையும் இழந்தார். ஒரு கண் காஞ்சியிலும் மற்றொன்று ஆரூரிலும் மீண்டன. முதல் மனைவி பரவையாரின் ஊடலைத் தீர்க்க இறைவனே இருமுறை தூது நடந்தார். சங்கிலியாரிடம் சுந்தரர் திரும்பியதாகப் பெரியபுராணம் பாடவில்லை. இரு மனைவியரும் கயிலையில் கமலினி, அநிந்திதை என்னும் சேடியராய் உமையின் பணிக்கு மீண்டனர் என்றே முடிக்கிறது. ஒற்றியூர்ப் பெண்ணுக்கு இது நியாயமான முடிவன்று என்றே தோன்றுகிறது. அச்சபதம் மாசிப் பிரமோற்சவத்தில் மகிழடி சேவையாக இன்றும் அங்கே கொண்டாடப்படுகிறது.