கையோடு வரும் இணையம்: டொங்கிளா, மைஃபையா, ரவுட்டரா?

"வகுப்பு முடிந்ததா? போனைத் தா" என்று வாப்பாவோ நாநாவோ கேட்காத வீடு நம்மில் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கிறது? 2020 மார்ச் மாதம் பாடசாலைகள் மூடப்பட்டபோது ஒரே நாளில் கையடக்கத் தொலைபேசி கரும்பலகையாக மாறியது. பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவ கிராமத்தில் ஆசிரியையும் மாணவர்களும் சமிக்ஞை தேடிக் காட்டுப் பாறையில் ஏறிய செய்தி 2021 இல் உலகப் பத்திரிகைகளிலும் வெளிவந்தது. பாடசாலைகள் மீண்டும் திறந்தன. ஆனால் இணைய வகுப்புகள் நின்றுவிடவில்லை. நகரத்து மாலை வகுப்புக்குப் போனால் மஃரிபுக்குப் பின்னர் பஸ்ஸில் தனியே திரும்ப வேண்டும் என்பதற்காகவே இணைய வகுப்பை நம்பியிருக்கும் உயர்தர மாணவிகள் பலர். அவர்களுள் நானும் ஒருத்தி.

எங்கள் வீட்டில் நல்ல போன் ஒன்றுதான் இருந்தது. அது வாப்பாவின் வியாபாரத்துக்கு உரியது. அவர் காலையில் படியிறங்கினால் வீட்டின் இணையமும் அவரோடு படியிறங்கிவிடும். எனக்கும் பத்தாம் தரத்தில் படிக்கும் தம்பிக்கும் வாரமொருமுறை பெண்களுக்கான தஃப்ஸீர் வகுப்பில் சேரும் உம்மாவுக்கும் அது திரும்பி வரும்வரை வழியில்லை. எனவே தனியாக ஒரு சாதனம் வாங்குவதென்று முடிவாயிற்று. "நீதானே கணக்குப் படிக்கிறாய், எது நல்லதென்று பார்த்துச் சொல்" என்று வாப்பா அந்தப் பொறுப்பை என்னிடம் தந்தார். அதற்காக நான் தேடியறிந்ததையும் அளந்து பார்த்ததையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

வகைகள் நான்கு

முதலாவது டொங்கிள். பென்டிரைவ் போன்ற இதற்குள் சிம் அட்டையைப் போட்டு மடிக்கணினியின் யூ.எஸ்.பி. துளையில் செருக வேண்டும். மின்சாரத்தைக் கணினியிடமிருந்தே பெறும். விலை குறைவு. ஆனால் பழைய வகை டொங்கிள் செருகிய கணினிக்கு மட்டுமே இணையம் தரும். புதிய வைஃபை டொங்கிளை போன் சார்ஜரிலோ பவர் பேங்கிலோ செருகினால் சுற்றியுள்ள பல சாதனங்களுக்கும் பகிரும்.

இரண்டாவது மைஃபை. உள்ளங்கையளவுப் பெட்டி, உள்ளே பெற்றரி உண்டு. மின்சாரமில்லாமலே சில மணி நேரம் இயங்கும். பெரும்பாலான மைஃபைகளில் பத்து சாதனங்கள் வரை இணைக்கலாம்.

மூன்றாவது ரவுட்டர். சுவரிலுள்ள மின்னிணைப்பிலேயே வாழ்வது. பெரிய அன்டனா இருப்பதால் கோபுரத்தின் சமிக்ஞையை நன்கு வாங்கி வீடு முழுவதும் பரப்பும். சில வீட்டு இணைப்புகள் பதிவுசெய்த இடத்தில் மட்டுமே வேலை செய்யும் என்பதால் பயணத்துக்குக் கொண்டுபோக எண்ணுபவர்கள் அதைக் கேட்டறிந்தே வாங்க வேண்டும்.

நான்காவது போனின் ஹொட்ஸ்பொட். செலவில்லாதது. ஆனால் போன் சூடாகும், பெற்றரி விரைவில் இறங்கும். அதைவிடப் பெரிய சிக்கல் அழைப்பு வரும்போதுதான். 4ஜீ வலையமைப்பிலேயே குரல் அழைப்பை ஏற்கும் 'வோல்ற்ஈ' வசதி இல்லாத போன், அழைப்பை எடுப்பதற்காகப் பழைய 2ஜீ அல்லது 3ஜீ வலையமைப்புக்கு இறங்கிவிடும். அந்த நேரம் இணையம் தளர்ந்துபோகும் அல்லது அறுந்துபோகும். பாதிக் கணக்கில் ஆசிரியரின் குரல் நின்றுபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டு பயணங்கள்

இந்தச் சாதனங்கள் அனைத்திலும் தரவு இரண்டு பயணங்கள் செய்கிறது. கோபுரத்திலிருந்து சாதனத்துக்கு வருவது ஒன்று. சாதனத்திலிருந்து வைஃபை மூலம் நமது மடிக்கணினிக்கு வருவது மற்றொன்று. மடிக்கணினியின் மூலையில் நாம் காணும் வைஃபைக் கோடுகள் இரண்டாவது பயணத்தை மட்டுமே காட்டுகின்றன. மைஃபையை மேசையில் பக்கத்தில் வைத்துக்கொண்டால் கோடுகள் நிறைந்துதான் இருக்கும். முதல் பயணம் அறுந்துகிடப்பதை அவை காட்டுவதில்லை. எனவே சாதனத்தை நமக்கு அருகில் வைக்காமல், கோபுரத்தை நன்கு காணும் இடத்தில் வைப்பதே சரி.

சிம் முதலில், சாதனம் பிறகு

கடைக்குப் போகுமுன் வீட்டில் எந்த நிறுவனத்தின் சமிக்ஞை நன்றாக வருகிறது என்று பார்க்க வேண்டும். மாமி வீட்டு சிம், அயல்வீட்டு சிம் என்று இரவல் வாங்கிப் போனில் போட்டுப் பார்க்கச் செலவில்லை. கோடுகளை எண்ணுவதை விட இலக்கத்தை வாசிப்பது நல்லது. அன்ட்ரொயிட் போன்களின் அமைப்புகளில் சிம் நிலையைத் திறந்தால் சமிக்ஞை வலிமை டீ.பி.எம். என்ற அலகில், மறைப் பெறுமானமாகத் தெரியும். 4ஜீயில் அது −90 ஐ அண்டியிருந்தால் நல்லது. −110 ஐத் தாண்டிக் கீழே போனால் பலவீனம். இது மடக்கை அளவீடு என்பதை மறக்கக்கூடாது. 10 அலகு கூடினால் வலு பத்து மடங்காகும்.

எங்கள் வீடு மலைச்சரிவில் இருக்கிறது. கீழ் அறையில் −112 காட்டிய அதே சிம், மேல்மாடி ஜன்னலில் −98 காட்டியது. வித்தியாசம் 14 அலகு. அதாவது ஏறத்தாழ 25 மடங்கு வலு! பதினைந்து படிகள் ஏறியதைத் தவிர அதற்கு வேறொன்றும் செய்யவில்லை.

ஆனால் சமிக்ஞை மட்டும் போதாது. ஒரே ஜன்னலில் ஒரே சிம்மின் வேகத்தை அளந்தபோது ஸுபஹுக்குப் பின்னர் செக்கனுக்கு 18 மெகாபிற்று கிடைத்தது. இரவு எட்டு மணிக்கு 2 மெகாபிற்றுதான். ஒரு கோபுரத்தின் கொள்ளளவை அந்த நேரத்தில் இணையத்தில் இருக்கும் எல்லோரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். நாடகமும் கிரிக்கெட்டும் பார்க்கும் நேரத்தில் நமது பங்கு சுருங்குகிறது. எனவே வகுப்பு நடக்கும் நேரத்திலேயே வேகத்தை அளந்து பார்க்க வேண்டும்.

பெட்டியில் எழுதியிருப்பவை

பெட்டியில் 'கட்டகரி 4, 150 மெகாபிற்று' என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அது அந்தச் சாதனம் தாங்கக்கூடிய உச்ச வேகம். நமக்குக் கிடைக்கப்போகும் வேகம் அதுவென்று எண்ணக்கூடாது. கோபுரம் 10 மெகாபிற்றுத் தரும் இடத்தில் 150 உம் ஒன்றுதான், 300 உம் ஒன்றுதான். மேலும் 8 பிற்று சேர்ந்தால்தான் ஒரு பைற்று. செக்கனுக்கு 10 மெகாபிற்று என்றால் ஒரு செக்கனில் இறங்குவது 1.25 மெகாபைற்று மட்டுமே.

அதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது அலைவரிசைப் பட்டை. இலங்கையில் 4ஜீக்கு 1800 மெகாஹேர்ட்ஸ் பரவலாகப் பயன்படுகிறது. சாதனங்களில் இதை 'பேண்ட் 3' என்று குறிப்பார்கள். வீட்டு ரவுட்டர்களுக்கு 2300 மெகாஹேர்ட்ஸ், அதாவது 'பேண்ட் 40' உம் பயன்படுகிறது. அமெரிக்கச் சந்தைக்கென்று செய்த சில சாதனங்களில் இவை இருப்பதில்லை. அத்தகைய சாதனம் எவ்வளவு விலையுயர்ந்ததானாலும் நமது கோபுரத்தின் பேச்சு அதன் காதில் விழாது.

பூட்டும் பதிவும்

எங்கள் மாமா ஒருவர் சவூதியிலிருந்து வரும்போது அழகான மைஃபை ஒன்றைக் கொண்டுவந்தார். நமது சிம்மைப் போட்டதும் திறப்பு இலக்கம் கேட்டது. அங்குள்ள ஒரு நிறுவனம் தன்னுடைய சிம்முக்கு மட்டுமென்று பூட்டி விற்ற சாதனம் அது. இப்போது அவரது வீட்டு அலுமாரியில் கண்ணாடிக் குவளைகளோடு இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வருவோரிடம் கேட்டு அனுப்பும் வழக்கம் நம் ஊர்களில் அதிகம். 'எல்லா சிம்மும் வேலை செய்யுமா, பேண்ட் 3 உண்டா' என்ற இரு கேள்விகளையும் சேர்த்து அனுப்புங்கள்.

உள்ளூரில் வாங்கினாலும் ஒரு சோதனை உண்டு. ஒவ்வொரு சாதனத்துக்கும் 15 இலக்கங்கள் கொண்ட ஐ.எம்.ஈ.ஐ. எண் ஒட்டப்பட்டிருக்கும். ஐ.எம்.ஈ.ஐ. என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் அடித்து, இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் அடித்து 1909 இற்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும். காசு கொடுக்குமுன் கடையில் நின்றபடியே இதைச் செய்யலாம். கூச்சப்படத் தேவையில்லை.

தரவுக் கணக்கு

சாதனம் ஒருமுறைச் செலவு; தரவு மாதாமாதச் செலவு. இதற்கு ஓர் எளிய வாய்ப்பாடு இருக்கிறது. செக்கனுக்கு 1 மெகாபிற்று வீதம் ஒரு மணி நேரம் ஓடினால் 3600 ஐ 8 ஆல் வகுக்க வரும் 450 மெகாபைற்று செலவாகும். யூடியூப் 360 தரத்துக்கு 0.7, 720 தரத்துக்கு 2.5, 1080 தரத்துக்கு 5 மெகாபிற்று வேகம் வேண்டுமென்று அந்நிறுவனமே கூறுகிறது. அந்த வேகத்தை முழுமையாகப் பயன்படுத்துவதாகக் கொண்டால் ஒரு மணி நேரப் பாடம் 360 இல் 315 மெகாபைற்று, 720 இல் 1125, 1080 இல் 2250. வெண்பலகையில் எழுதிய சமன்பாடு பெரும்பாலும் 360 இலேயே வாசிக்கத் தெரிகிறது. நாம் ஒரு சொடுக்கில் ஏழு மடங்கு செலவழிக்கிறோம்.

நேரடி வகுப்பில் நமது கமராவை நிறுத்திவைத்தால் நாம் அனுப்பும் தரவு பெருமளவு குறையும். செக்கனுக்கு 80 கிலோபிற்று வீதம் செல்லும் குரலுக்கு மணிக்கு 36 மெகாபைற்றுப் போதும். சில பெக்கேஜ்களில் தரவின் ஒரு பகுதி நள்ளிரவு முதல் காலை வரை மட்டுமே செல்லும். "100 ஜீ.பி." என்று விளம்பரத்தில் கண்டால் அதில் பகலுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். ஸஹருக்கோ தஹஜ்ஜுதுக்கோ எழும்பும் வீட்டில் பதிவுசெய்த பாடங்களை அந்த நேரத்தில் இறக்கிவைக்கலாம். கணினியின் தானியங்கி மேம்படுத்தலை நிறுத்திவைப்பதும் அவசியம். நாம் தொழுதுவிட்டு வருமுன் அது ஒரு ஜீ.பி.யை விழுங்கிவிடும். வீண்விரயத்தை மார்க்கம் தடுத்திருக்கிறது. வாப்பாவின் உழைப்பில் வந்த டேட்டாவும் அதற்கு விலக்கல்ல.

கரண்ட் போனால்?

2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டோம். இன்றும் இடியும் மழையும் வந்தால் எங்கள் பகுதியில் கரண்ட் போகும். ரவுட்டர் பெரும்பாலும் 12 வோல்ற்றில் இயங்குகிறது. பவர் பேங்க் 5 வோல்ற்றுத் தருவதால் வோல்ற்றளவை உயர்த்தும் வயர் ஒன்றோ மினி யூ.பி.எஸ். ஒன்றோ வேண்டும். 10,000 மில்லியம்பியர் மணி பவர் பேங்கில் 37 வாற்று மணி சக்தி இருக்கிறது. இழப்புப் போக 25 என்று கொள்வோம். 6 வாற்று எடுக்கும் ரவுட்டர் அதில் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஓடும். ஒன்றேகால் வாற்று அளவே எடுக்கும் மைஃபை இருபது மணி நேரம் ஓடும். ஆனால் மின்வெட்டு நீண்டு கோபுரத்தின் பெற்றரியும் இறங்கிவிட்டால் எந்தச் சாதனமும் உதவாது. முக்கியமான பாடக் குறிப்புகளை முன்னரே இறக்கிவைப்பதுதான் அதற்கு மருந்து.

எங்கள் முடிவு

இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி வாப்பாவிடம் கொடுத்தேன். டொங்கிள் மலிவு, ஆனால் கணினி திறந்திருந்தால்தான் உம்மாவுக்கு இணையம். ரவுட்டர் வலிமையானது, ஆனால் கரண்ட் போனால் மேலதிகச் செலவு. ஆகவே பேண்ட் 3 உள்ள, பூட்டில்லாத மைஃபை ஒன்றை வாங்கி மேல்மாடி ஜன்னலில் வைத்தோம். விடுமுறையில் மூத்தம்மா வீட்டுக்குப் போகும்போது அதுவும் பையில் வரும். இது எங்கள் வீட்டுக்குப் பொருந்திய விடை. ஆறு பேர் படிக்கும் வீட்டுக்கு ரவுட்டரே பொருந்தலாம். விடுதியில் மடிக்கணினியோடு தனியாக இருக்கும் ராத்தாவுக்கு டொங்கிளே போதும்.

வாங்கியதும் முதல் வேலையாகப் பெட்டியில் ஒட்டியிருக்கும் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். சாதனத்தைக் கையில் எடுத்துப் பார்க்கும் எவரும் அதை வாசிக்கலாம். சிம் யாருடைய அடையாள அட்டையில் பதிவாகியிருக்கிறதோ, அந்த இணைப்பால் நடப்பவற்றுக்கு விசாரிக்கப்படுபவரும் அவரே. அது அவர் நமக்குத் தந்த அமானத்.

சகோதரிகளே, உங்கள் தெருவிலும் யாராவது ஒரு வாப்பா இந்தச் சாதனங்களுள் ஒன்றை வாங்க யோசித்துக்கொண்டிருப்பார். எந்த சிம், எந்த இடம், எத்தனை பேர், மாதம் எவ்வளவு என்ற நான்கு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி அவருடைய மகளிடம் கொடுங்கள். அளந்து பார்த்து விடை எழுதும் வேலையை அவளே செய்யட்டும்.