விண்மீன்களிடையே ஓர் அரசியல் அரங்கு

விண்வெளிக் கதை என்றதும், ஒளிக்கதிர்த் துப்பாக்கிகளும் விந்தையான உருக்கொண்ட வேற்றுலக வாசிகளுமே பலருடைய மனக்கண்முன் தோன்றுவதுண்டு. சித்திரப்படம் என்றாலோ, அது சிறுவர்க்குரிய பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவோரும் உளர். இவ்விரண்டு எண்ணங்களையும் ஒருங்கே பொய்யாக்கிய தொடர் ஒன்று யப்பானில் உருவாயிற்று. 'கிங்கா எய்யூ தென்செற்சு' என்பது அதன் பெயர். 'விண்மீன் மண்டல வீரர் வரலாறு' எனத் தமிழில் அதனைக் கூறலாம். அதில் வேற்றுலக வாசி ஒருவரேனும் இல்லை. மனிதரும் அவர்தம் ஆட்சி முறைகளுமே உள்ளன.

1952 ஆம் ஆண்டிற் பிறந்த யொசிக்கி தனாக்கா என்னும் எழுத்தாளர் 1982 முதல் 1987 வரை பத்து நூல்களாக இக்கதையை எழுதினார். அதனை இயங்கு சித்திரமாக்கியோருள் முதன்மையானவர் நொபோரு இசிகுரோ என்னும் நெறியாளர். 1988 இல் தொடங்கி 1997 வரை, ஒளிநாடாக்கள் வாயிலாக 110 பகுதிகள் வெளியாயின. 2018 முதல் இதே கதை புதிதாகவும் படமாக்கப்பட்டது. 'அனிமே' எனப்படும் யப்பானியச் சித்திரப்படங்களை முன்பின் பார்த்தறியாதாரும் இத்தொடரை விரும்பிக் காண்பதற்குக் காரணம் யாது?

முதலாவது காரணம், கதையின் அமைப்பு எவர்க்கும் எளிதில் விளங்குவதாகும். எதிர்காலத்தில் மனித குலம் இரு பேரரசுகளாகப் பிரிந்து நிற்கின்றது. ஒன்று, பிரபுக்களின் செல்வாக்கில் ஊறிய முடியாட்சி. மற்றொன்று, தேர்தலும் பாராளுமன்றமும் உடைய குடியாட்சி. இவையிரண்டும் ஒன்றரை நூற்றாண்டாகப் போர் புரிகின்றன. இரண்டிற்கும் இடையே பெசான் என்னும் வணிக நாடு இருபாலாரிடமும் இலாபம் ஈட்டுகின்றது. ஐரோப்பிய வரலாற்றைப் பள்ளியிற் படித்த எவரும் இவ்வமைப்பை உடனே இனங்கண்டுகொள்வர். கதை சொல்பவரின் குரலும், நடந்து முடிந்தவற்றை ஆராயும் வரலாற்றாசிரியரின் குரலாகவே அமைந்துள்ளது. பின்னர் நிகழவிருப்பதை அது முன்னரே உரைத்துவிடுவதும் உண்டு. அதனால் 'அடுத்து என்ன நிகழும்' என்பதினும் 'ஏன் நிகழ்ந்தது' என்ற வினாவே மேலோங்குகின்றது. போர்க்காட்சிகளிற் பேத்தோவன், மாலர், துவோர்சாக் முதலானோரின் மேலைத்தேயச் செவ்விசை ஒலிப்பது அந்த வரலாற்று உணர்வை மேலும் வளர்க்கின்றது.

இரண்டாவது காரணம், எத்தரப்பும் முற்றும் நல்லதாகவோ முற்றும் தீயதாகவோ காட்டப்படாமையாகும். முடியாட்சியின் பக்கத்தில் நிற்பவன் றைன்ஹார்ட் என்னும் இளைஞன். தன் தமக்கையை அரண்மனைக்குக் கொண்டுசென்ற அரச மரபையே வீழ்த்த உறுதிபூண்டவன் அவன். பிரபுக்களின் கொடுமையை ஒழித்து ஆட்சியைச் சீர்திருத்துகின்றான். குடியாட்சியின் பக்கத்தில் நிற்பவர் யாங் வென்லி. வரலாற்றாசிரியராக விரும்பியும், கையிற் பணமின்மையால் இலவசமாகக் கல்வி கிடைத்த இராணுவக் கல்லூரியிற் சேர்ந்தவர் அவர். போரை வெறுத்தும், போரில் வெல்லுந் திறமையால் மேன்மேலும் உயர்த்தப்படுகின்றார்.

இங்கேதான் கதையின் உயிர்நிலையான வினா எழுகின்றது. திறமையும் நேர்மையும் உடைய ஒரு தனியாளின் ஆட்சி நன்றா? தன்னலவாதிகள் மலிந்த குடியாட்சி நன்றா? ஆசிரியர் குடியாட்சியின் குறைகளை மறைக்கவில்லை. போரில் இறந்தோர்க்கு நடக்கும் அஞ்சலிக் கூட்டத்தில் பாதுகாப்பு அமைச்சர் தியாகத்தைப் புகழ்ந்து முழங்குகின்றார். மணஞ்செய்யவிருந்தவரைப் போரிற் பறிகொடுத்த பெண்ணொருத்தி எழுந்து, அவரும் அவர் குடும்பத்தாரும் அப்போது எங்கே இருந்தனர் எனக் கேட்கின்றாள். அமைச்சரிடம் அதற்கு விடையில்லை. பின்னர், தேர்தலில் ஆதரவு பெருகவேண்டும் என்பதற்காக ஆட்சியாளர் எதிரி நாட்டின்மேற் படையெடுக்க முடிவுசெய்கின்றனர். றைன்ஹார்ட் எல்லைப்புற உலகங்களிலிருந்து உணவை அகற்றிவிட்டுப் பின்வாங்குகின்றான். 'விடுதலை செய்ய' வந்த படை, பட்டினி கிடக்கும் மக்களுக்குத் தன் உணவைப் பகிர்ந்து, தானே வலுவிழந்து தோற்கின்றது. சூழ்ச்சிக்கு முதலிற் பலியானோர், றைன்ஹார்ட்டின் சொந்த நாட்டுக் குடிமக்களே என்பதையும் கதை மறைக்கவில்லை.

அவ்வாறாயின் தனியாட்சியே மேலெனக் கொள்ளலாமா? முடியாட்சியை நிறுவிய ருடோல்ப் என்பவனின் வரலாறு அதற்கு மறுமொழியாகும். அவன் படையெடுத்து நாட்டைக் கவர்ந்தவனல்லன். கடற்கொள்ளையரைப் போன்ற விண்வெளிக் கொள்ளையரை ஒடுக்கிப் புகழ்பெற்று, மக்களின் வாக்குகளாலேயே உயர்ந்தவன். பொறுப்பைச் சுமந்து களைத்த மக்கள், அதனை ஒருவனிடம் ஒப்படைத்துவிட்டு அமைதி கொள்ள விரும்பினர். அந்த அமைதியின் விலை, நலிந்தோரை அழிக்கும் சட்டமாகவும் நூற்றாண்டுகள் நீண்ட கொடுங்கோன்மையாகவும் வந்து சேர்ந்தது. நல்ல மன்னன் இறந்தபின் யார் வருவார் என்பதை மன்னராட்சி உறுதிசெய்ய இயலாது. தீய அமைச்சனை நீக்கும் வழி, குடியாட்சியில் எத்துணைப் பழுதுற்றிருப்பினும், மக்கள் கையிலேயே உள்ளது.

யாங்கின் செயல் இக்கருத்தின் உச்சமாகும். பெரும்போர் ஒன்றில் றைன்ஹார்ட்டின் உயிர் அவர் கைக்கு எட்டிய வேளையில், எதிரியிடம் பணிந்துவிட்ட அவருடைய அரசாங்கம் போரை நிறுத்துமாறு கட்டளையிடுகின்றது. கட்டளையிட்டோர் மதிப்பிற்குரியோரல்லர் என்பது அவர்க்குத் தெரியும். ஆயினும் படைத்தலைவன் ஒருவன், தனக்கு நல்லதெனத் தோன்றுவதற்காக மக்கள் தேர்ந்த அரசை மீறுவானாயின், அவனும் மற்றொரு ருடோல்ப் ஆவதற்குத் தடையேது? யாங் கீழ்ப்படிகின்றார். அவர் செய்தது சரியா என்பது பற்றி இன்றும் பார்ப்போர் வாதிடுகின்றனர். முடிவான விடையை ஊட்டாமல், சிந்திக்கும் பொறுப்பைப் பார்ப்போரிடமே விடுவதுதான் இத்தொடரின் சிறப்பு.

இதனைப் புதிதாகக் காண விழைவோர் இரண்டு செய்திகளை நினைவிற்கொள்ளல் நலம். பாத்திரங்கள் மிகப் பல. பெயர்கள் திரையில் எழுத்திலே காட்டப்படுவதால், அவற்றை மனனஞ்செய்ய முயலவேண்டுவதில்லை. கதை மெதுவாக நடக்கும். போர்களினும் மேசையைச் சுற்றி நிகழும் உரையாடல்களே மிகுதி. அவற்றைப் பொறுமையுடன் கேட்போர், விண்மீன்களைப் பற்றியன்றித் தம் வாக்கின் பெறுமதியைப் பற்றி எண்ணத் தொடங்குவர். ஆள்வோரைக் குறைகூறுதல் எவர்க்கும் எளிது. ஆளும் பொறுப்பிலே தமக்கும் பங்குண்டு என்பதை மறவாதிருத்தலே அரிது.