சூடா? ஐஸா? எந்த வலிக்கு எது?



களை எடுக்கும்போது வரப்பில் கால் மடங்கிவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? எண்ணெயைச் சூடு பண்ணித் தடவி, அழுத்தி நீவி, மேலே சுடுதண்ணீர் ஊற்றுகிறோம். மறுநாள் கால் பூசணிக்காய் மாதிரி வீங்கி நிற்கும். உடனே "கண்ணு பட்டுடுச்சு" என்று சுத்திப் போடுவோம். பட்டது கண்ணு இல்லை, சூடு!

கால் மடங்கும்போது உள்ளே ஜவ்வும் சின்னச் சின்ன ரத்தக் குழாய்களும் கிழிந்து, ரத்தமும் நீரும் கசியும். சூடு வைத்தால் குழாய் விரிந்து கசிவு கூடும். குளிர்ச்சி வைத்தால் குழாய் சுருங்கும், வலியும் மரத்துப்போகும். அதனால் புதுசாக அடிபட்ட இடத்தில் முதல் 2 நாள் சூடும் வேண்டாம், நீவலும் வேண்டாம்.

கால் வீங்குவதற்குள் கொலுசு, மெட்டியைக் கழற்றிவிடுங்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். வெறும் தோலில் வைத்தால் தோல் வெந்தது போல ஆகிவிடும். இரண்டு மூன்று மணி நேரம் விட்டு மறுபடியும் வைக்கலாம். படுத்துக்கொண்டு காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். "எங்க வீட்டுல பிரிட்ஜ் ஏதுங்க?" என்று கேட்பீர்கள். சோடாக் கடையில், மீன்காரரிடம் கேட்டால் ஒரு துண்டு ஐஸ் கிடைக்கும். அதுவும் இல்லையா, பானைத் தண்ணீரில் துணியை நனைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். ஓரளவு கேட்கும்.

ஐஸ் வைக்கச் சொல்லி 1978-ல் பிரபலப்படுத்திய அமெரிக்க டாக்டர் கேப் மிர்கின், பின்னாளில் ஐஸ் அதிகமானால் காயம் ஆறுவது தாமதமாகலாம் என்று தன் கருத்தையே மாற்றிக்கொண்டார். ஆகவே ஐஸ் வலி அடங்குவதற்கு மட்டும்தான். நாள் கணக்கில் வைக்க வேண்டாம்.

சூட்டுக்கும் வேலை இருக்கிறது. நாற்று நட்டு நட்டுப் பிடித்துக்கொண்ட இடுப்பு, நாள்பட்ட முதுகுவலி, கழுத்துப் பிடிப்பு, மாதவிலக்கு வயிற்று வலி, இதற்கெல்லாம் வெந்நீர் ஒத்தடமோ பாட்டி கொடுத்த உப்பு ஒத்தடமோ சுகம் தரும். 15, 20 நிமிடம் போதும். முதலில் உங்கள் முழங்கையில் வைத்துச் சூடு பாருங்கள். வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டே தூங்காதீர்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். கொப்புளம் வந்தபிறகுதான் சுட்டதே தெரியும். அவர்கள் பாதத்துக்குச் சூடும் வேண்டாம், ஐஸும் வேண்டாம். சிவந்து, சூடாக, சீழ் வைத்திருக்கிற இடத்திலும் ஒத்தடம் கொடுக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

அடுப்பில் சுட்டுக்கொண்டால் ஐஸ் வைக்கக் கூடாது. பேஸ்ட், இங்க், மாவு எதுவும் பூசாமல், சாதாரணத் தண்ணீரை 20 நிமிடம் ஊற்றிக்கொண்டே இருங்கள்.

கை கால் கோணிப்போனாலும், நாலு அடிகூட ஊன்றி நடக்க முடியாவிட்டாலும், விரல் மரத்தாலும் அது வெறும் சுளுக்காக இருக்காது. எலும்பு முறிந்திருக்கலாம். நீவுகிறவரிடம் போனால் முறிந்த எலும்பு விலகிவிடும். அட்டையோ குச்சியோ வைத்து அசையாமல் கட்டி, அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுங்கள். வண்டி இல்லையென்றால் 108-க்குப் போன் போடுங்கள், காசு கிடையாது.