அவுட்பாக்ஸில் முடங்கிய கடிதம்

பேராசிரியருக்கு அனுப்பிய கட்டுரை அவருக்குப் போய்ச் சேரவில்லை என்பதை நான் அறிந்தது மூன்று நாள் கழித்துத்தான். சென்ற பருவத்தில் நேர்ந்த கதை இது. கடிதம் என் கணினியை விட்டு நகரவே இல்லை. அவுட்பாக்ஸில் சுகமாகத் துயின்றுகொண்டிருந்தது! தண்டர்பேர்ட், அவுட்லுக் போன்ற மென்பொருள்களை நம்பி வாழும் நண்பர்களுக்குப் பயன்படட்டுமென்று, அன்று கற்றதை இங்கே எழுதுகிறேன்.

நம் கணினியில் தபால்காரர் ஒருவர் அல்லர், இருவர். கடிதத்தைக் கொண்டு போகிறவர் எஸ்.எம்.டி.பி.; 1982-இல் வகுக்கப்பட்ட முறை அது. கொண்டு வருகிறவர் ஐமேப் அல்லது பாப். இருவருக்கும் வாயில்கள் வேறு: முன்னவருக்கு 587 அல்லது 465, பின்னவருக்கு 993 அல்லது 995. ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, நின்றுபோனவர் ஒருவரா, இருவருமா என்பதே.

கடிதம் வருகிறது, போகமாட்டேன் என்கிறது என்றால், அனுப்பும் வாயிலைப் பாருங்கள். பழைய 25 என்ற எண் அங்கே இருக்கலாம். குப்பைக் கடிதங்களுக்கு அஞ்சிப் பல வலையமைப்புகள் அவ்வாயிலை அடைத்துவிட்டன. கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். அங்கே கடிதம் போனால் தடை விடுதியின் வைஃபையில்தான்.

இரண்டும் நின்றுவிட்டனவா? 'ஆஃப்லைன்' என்ற நிலையில் மென்பொருள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதே அஞ்சல் பெட்டியைப் பிரவுசரில் திறவுங்கள். அங்கே, இடம் நிரம்பிவிட்டது என்ற அறிவிப்பு காத்திருக்கக்கூடும். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜி.பி. கடிதங்களுக்கு மட்டுமன்று, படங்களுக்கும் டிரைவுக்கும் சேர்த்துத்தான். சுற்றுலாப் படங்கள் ஆய்வுக் கடிதத்தை மறிக்கும் விந்தை இதுதான்!

பிரவுசரில் எல்லாம் ஒழுங்காக இருந்து, மென்பொருள் மட்டும் 'பாஸ்வேர்ட் தவறு' என்று சாதித்தால்? என் கதை இதுவே. பாஸ்வேர்ட் சரிதான், அதைக் கேட்கும் முறை பழையது. வெறும் பாஸ்வேர்டோடு வரும் மென்பொருள்களைக் கூகுள் 2022 மே 30 முதல் ஏற்க மறுத்தது; நிறுவனங்களின் எக்ஸ்சேஞ்ச் கணக்குகளில் மைக்ரோசாஃப்ட்டும் அதே ஆண்டு அக்டோபர் முதல் அவ்வழியை அடைக்கத் தொடங்கிற்று. கணக்கு அமைப்பில் 'ஓஆத்2' என்று மாற்றுங்கள், வருவதற்கும் போவதற்கும் தனித்தனியே. நான் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மேலும் ஒரு நாளை வீணாக்கினேன். கணினியின் கடிகாரம் பின்தங்கியிருந்தாலும் இணைப்பு மறுக்கப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி, செய்யக்கூடாத ஒன்று. கோபத்தில் கணக்கையே நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குவோம் என்று கிளம்பாதீர்கள். ஐமேப் என்றால் கடிதங்கள் வழங்கியில் பத்திரமாக இருக்கும். கணினியில் அவை பிரதிகளே. பாப் என்றால் மூலமே உங்கள் வட்டில் மட்டும் இருக்கலாம். என் அறைத் தோழன் கணக்கை நீக்கும்போது, 'கடிதங்களையும் அழி' என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டான். அவனுடைய மூன்றாண்டுக் கடிதங்கள் ஒரே நொடியில் மறைந்தன. தண்டர்பேர்டில் 'ப்ரொஃபைல்' என்ற ஒரு கோப்புறை உண்டு. மென்பொருளை மூடிவிட்டு, முதலில் அதைப் பென்டிரைவில் படி எடுத்துக்கொள்ளுங்கள்; பழுது பார்ப்பது பிறகு.

எல்லாம் சரியானதும் அவுட்பாக்ஸைத் திறந்து பாருங்கள். நான் பொறுமையிழந்து அனுப்பிய ஒரே கடிதத்தின் ஐந்து பிரதிகள் அங்கே இருந்தன. நான்கை அழித்த பின்னரே பேராசிரியருக்கு அனுப்பினேன்.