டிராயிங் நம் கையில் இருந்தால்...

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும். இன்டெல் சில்லாக இருந்தால் அநேகமாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ இருக்கவேண்டும். பத்து வருடத்துக்கு முன் குழந்தைகளின் படிப்புக்காக நாம் வாங்கிய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை இந்தத் தேர்வில் தேறாது. இயந்திரம் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனாலும் எடைக்குப் போட்டுவிட்டு நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் செலவழிக்க வேண்டுமா என்று பல வீடுகளில் யோசனை. சங்கத்து நண்பர்கள் சிலர் என்னிடம் இதைக் கேட்டதால்தான் இந்தக் கட்டுரை.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. டிப்ளமோ முடித்து, 1981-ல் சார்ஜ்மேனாக ரயில்வேயில் சேர்ந்து டீசல் ஷெட்டுகளில் காலம் கழித்தவன். ஆகையால் எனக்குத் தெரிந்த இன்ஜினிலிருந்தே தொடங்குகிறேன்.

நம் நாட்டில் நீண்ட காலம் ரயில்களை இழுத்த டபிள்யூ.டி.எம்.-2 டீசல் இன்ஜின், அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி வடிவமைத்தது. முதல் இன்ஜின்கள் 1962-ல் அங்கிருந்து கப்பலில் வந்தன. 1964-லிருந்து வாரணாசி தொழிற்சாலையிலேயே அவற்றைக் கட்ட ஆரம்பித்தோம். 1969-ல் ஆல்கோ இன்ஜின் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. நம் வண்டிகள் நின்றனவா? இல்லை. நான் வேலையில் சேர்ந்தபோது ஆல்கோ மறைந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. இன்ஜின்கள் மட்டும் புதிதாக வந்துகொண்டே இருந்தன. அந்த வம்சத்து இன்ஜின்கள் பல ஆயிரம் ஆயின. காரணம் ஒன்றுதான்: டிராயிங் நம் கையில் இருந்தது. லைனரோ பிஸ்டனோ தேய்ந்தால், அந்த டிராயிங்கைப் பார்த்து நம் ஊரிலேயே செய்துகொள்ளலாம். செய்தவன் போய்விட்டாலும் பொருள் சாகவில்லை.

கம்ப்யூட்டரிலும் டிராயிங்கைத் திறந்து காட்டும் வகை ஒன்று உண்டு. அதுதான் லினக்ஸ். அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் அறிவித்த 'க்னூ' என்ற முயற்சியும், 1991-ல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய மையப் பகுதியும் சேர்ந்து உருவானது. இதன் மூல நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். பெயர் புதிதாக இருக்கிறதே என்று மிரளவேண்டாம். உங்கள் ஆண்ட்ராய்டு போனின் அடித்தளம் லினக்ஸ்தான். உலகின் மிக வேகமான 500 சூப்பர் கம்ப்யூட்டர்களின் பட்டியலில் 2017 நவம்பரிலிருந்து அத்தனையும் லினக்ஸ்தான்.

இலவசம் என்பது இதன் ஒரு லாபம் மட்டுமே. டிராயிங் பலர் கையில் இருப்பதால் பழுது பலர் கண்ணில் படுகிறது, திருத்தமும் பலரால் வருகிறது. ஒரு குழு கைவிட்டால் இன்னொரு குழு எடுத்து நடத்தலாம். செலவு குறைவதும் நம்பகம் கூடுவதும் இந்த ஒரே வேரிலிருந்துதான்.

பக்கத்து மாநிலமான கேரளம் இதைப் பெரிய அளவில் செய்து காட்டியிருக்கிறது. அங்கே அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வி பல வருடங்களாக லினக்ஸில் நடக்கிறது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகளில் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019-ல் கேரளக் கல்வித்துறையின் 'கைட்' நிறுவனம் கணக்குச் சொன்னது. ஒரு கணிப்பொறிக்கு ஒன்றரை லட்சம் ஆகிறது. எனக்கு இது கொஞ்சம் தாராளமான கணக்காகவே படுகிறது. பத்தில் ஒரு பங்கு என்று வைத்தாலும் 300 கோடி!

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி சுமார் பதினைந்தாயிரம் கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்றியது. 2017-ல் மீண்டும் விண்டோஸுக்கே திரும்ப முடிவு செய்தது. வெளியிலிருந்து வரும் கோப்புகளும் பழகிய மென்பொருள்களும் அங்கே தகராறு செய்தன. நமக்கும் அப்படித்தான். டாலியில் கடைக் கணக்கு எழுதுகிறவர்கள் மாறவேண்டாம். அது லினக்ஸில் நேரடியாக ஓடாது. சில பிரிண்டர்களும் முரண்டு பிடிக்கும். கடிதம், வங்கி, ரயில் டிக்கெட், பேரப்பிள்ளையோடு வீடியோ பேச்சு, தமிழ் டைப்பிங் என்ற அளவில் இருப்பவர்களுக்குக் குறை ஒன்றும் வராது. தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கிறது.

என் மகள் 2014-ல் கல்லூரிக்கு வாங்கிய லேப்டாப்பில் மெமரி நான்கு ஜி.பி.தான். பழைய டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டேன், சுமார் இரண்டாயிரம் ரூபாய் ஆயிற்று. அதில் லினக்ஸ் மின்ட் 22. இதற்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. பென்ஷன் வேலைகளும் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலும் இப்போது அதில்தான். என் மனைவி தன் வங்கி வேலையையும் அதிலேயே பார்த்துக்கொள்கிறாள்.

விருப்பமுள்ளவர்கள் இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் போட்டோக்களையும் முக்கியக் கோப்புகளையும் வெளி டிஸ்கில் நகல் எடுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. பிறகு 8 ஜி.பி. பென் டிரைவில் லினக்ஸ் மின்ட்டை ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்புங்கள். உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது. வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றையும் சோதியுங்கள். ரயில்வேயில் பழுது பார்த்த இன்ஜினைச் சோதனை ஓட்டம் விடாமல் பயணி வண்டியில் மாட்டமாட்டோம். அதே விதி இங்கும். ஒரு வாரம் ஓட்டித் திருப்தியானால் நிறுவுங்கள். இல்லாவிட்டால் பென் டிரைவைக் கழற்றிவிடுங்கள். நஷ்டம் எதுவுமில்லை.

நல்ல இயந்திரம் ஒன்றைக் குப்பைக்கு அனுப்புமுன் இந்த ஒரு வாரத்தை அதற்குக் கொடுத்துப் பாருங்கள்.