சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லை

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போகும் பெரியவர்கள் சொல்கிற குறை பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: "சத்தமெல்லாம் கேக்குது டாக்டர். என்ன சொல்றாங்கன்னுதான் புரிபடல." கூட வந்த மகள் குறுக்கிடுவார்: "அப்பா டிவி வச்சா தெருக்கோடி வரைக்கும் கேக்குது." இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். வயதானால் வரும் செவித்திறன் குறைவு எப்படிப்பட்டது என்பது இந்த இரண்டு வாக்கியங்களிலேயே இருக்கிறது. முதன்முதலாகக் காது மெஷின் வாங்கப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போனால், பின்னால் வரும் ஏமாற்றத்தில் பாதியைத் தவிர்த்துவிடலாம்.

உட்காதில் இரண்டரைச் சுற்றாகச் சுருண்டிருக்கும் உறுப்பு காக்லியா. அதற்குள் ஏறத்தாழ 15 ஆயிரம் மயிர்ச்செல்கள் வரிசையாக நிற்கின்றன. உயர்ந்த அதிர்வெண் கொண்ட ஒலிகள் காக்லியாவின் வாசல் பக்கத்தை அதிரவைக்கும். கனத்த, தாழ்ந்த ஒலிகள் சுருளின் உள்நுனி வரை போகும். இந்த அதிர்வு அலையாக நகர்வதைக் கண்டறிந்த கியோர்க் வான் பெகேசிக்கு 1961இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. வயதும் இரைச்சலும் முதலில் பதம் பார்ப்பது வாசல் பக்கத்துச் செல்களைத்தான். கோழிக்கு இந்தச் செல்கள் அழிந்தாலும் மறுபடி முளைக்கும். மனிதருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

பேச்சில் உயிரொலிகளின் வலு தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. மெய்யொலிகளை அடையாளம் காட்டும் மெல்லிய தடயங்கள் பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்களில் இருக்கின்றன. படம், தடம், கடம் என்று சொல்லிப் பாருங்கள். மூன்றையும் பிரித்துக் காட்டுவது தொடக்கத்தில் வரும் ஒரு சின்ன வெடிப்பும் அதையொட்டிய நெளிவும்தான்; நொடியில் பத்தில் ஒரு பங்குகூட அது நீடிப்பதில்லை. அதைத் தவறவிட்ட காதுக்கு மூன்றும் ஒன்றே. மூளை பேச்சின் போக்கை வைத்து ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. வீட்டில் ஒருவர் பேசினால் ஊகம் பலிக்கும். நாலு பேர் சேர்ந்து பேசினால் தடுமாறும். நாள் முழுக்க இப்படி ஊகித்துக்கொண்டே இருப்பது உடம்பு அலுப்பைவிடப் பெரிய அலுப்பு. கூட்டத்தில் பெரியவர்கள் ஒதுங்கி உட்காருவதற்கு இதுவும் காரணம்; சிடுசிடுப்பு என்று நாம்தான் தப்பாக எடுத்துக்கொள்கிறோம்.

அப்படியானால் சத்தத்தைக் கூட்டினால் போதாதா? போதாது. மயிர்ச்செல்களில் வெளிவரிசையில் இருப்பவற்றின் வேலையே மெல்லிய ஒலியைப் பெருக்கிக் கொடுப்பது. அவை போய்விட்டால் மெல்லிய ஒலி காதுக்கு எட்டாது. ஆனால் பெரிய ஒலி பழையபடியே பெரிதாகக் கேட்கும். பேரன் சாதாரணமாகக் கூப்பிட்டால் பதில் வராது. குரலை உயர்த்தினால், "ஏண்டா இப்படிக் கத்துற?" என்று கோபம் வரும். தாத்தாவின் காதில் கேட்கத் தொடங்கும் அளவுக்கும் தாங்க முடியாத அளவுக்கும் இடையே உள்ள வெளி அவ்வளவு குறுகிவிட்டது. நல்ல கருவி இந்தக் குறுகிய வெளிக்குள் உலகத்தின் ஒலிகளை அடக்கித் தர வேண்டும்: மெல்லிய ஒலியை நிறையவும், நடுத்தர ஒலியைக் கொஞ்சமும், பெரிய ஒலியைக் கிட்டத்தட்ட அப்படியேயும். அதுவும் ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் தனித்தனியாக. சட்டைப் பையில் பெட்டியும் காதில் வயருமாக ஒரு தலைமுறை போட்டுக்கொண்ட கருவிகளால் இந்த நுணுக்கத்தைச் செய்ய முடியவில்லை. இணையத்தில் மலிவாக விற்கும் ஒலிபெருக்கிகள் பலவும் இன்றும் அந்த நிலையில்தான் இருக்கின்றன. வயதானவர்களுக்குப் பரிசாக அவற்றை வாங்கிக் கொடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கடைக்குப் போவதற்கு முன் மருத்துவரைப் பார்ப்பது அவசியம். காது அழுக்கு அடைத்திருக்கலாம், செவிப்பறையில் ஓட்டை இருக்கலாம், சீழ் இருக்கலாம். ஒரு காது மட்டும் மந்தமானால் காரணத்தைத் தேட வேண்டும். ஒரே நாளில் திடீரென்று கேட்காமல் போனால் அது அவசரம். அன்றைக்கே போக வேண்டும். பிறகு ஒலி புகாத அறையில் ஆடியோகிராம் எடுப்பார்கள். 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை எந்த ஒலி எத்தனை டெசிபலில் கேட்கத் தொடங்குகிறது என்பதன் வரைபடம் அது. வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. கோடு இடப்பக்கம் மேலே இருந்து வலப்பக்கம் சரிந்தால், மேலே சொன்ன கதைதான். சொற்களை ஒலிக்கவிட்டுத் திருப்பிச் சொல்லச் செய்யும் சோதனையையும் தமிழ்ச் சொற்களை வைத்தே செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

எல்லோரும் முதலில் கேட்பது, "வெளிய தெரியாம இருக்குமா?" என்றுதான். காதுக்குள் மறையும் சின்னக் கருவி பார்க்க அழகு. ஆனால் அதன் பேட்டரி மிகச் சிறியது. விரல் நடுங்குகிறவர்களுக்கு மாற்றுவது பெரும்பாடு. காது அழுக்கு சீக்கிரம் அடைக்கும், அதிகக் குறைபாட்டுக்குச் சக்தியும் போதாது. தாழ்ந்த ஒலிகள் ஓரளவு நன்றாகக் கேட்பவர்களுக்கு, காதின் பின்னால் இருந்து மெல்லிய கம்பி இறங்கி, துளையுள்ள சிலிக்கோன் முனையோடு உள்ளே உட்காரும் வகை பொருந்தும். குறைபாடு கடுமையானால் காதை அச்செடுத்துச் செய்த மோல்டும் காதின் பின்னால் அமரும் பெரிய கருவியும் வேண்டும். இரண்டு காதும் மந்தமாக இருந்தால் இரண்டுக்கும் போடுவதே நல்லது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று மூளை இரண்டையும் ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்கிறது.

ஒரு கருவியின் விலை சில ஆயிரத்தில் தொடங்கி லட்சத்தைத் தாண்டும். விலையேற்றத்துக்கு விற்பனையாளர் ஆயிரம் காரணம் சொல்வார். என்னைக் கேட்டால், நடுத்தர விலைக் கருவியை நன்றாகப் பொருத்தித் தரும் இடம், உயர்ந்த விலைக் கருவியை அவசரமாக மாட்டிவிடும் இடத்தைவிட மேல். என் பெரியம்மாவுக்குப் பொருத்தியபோது பக்கத்தில் இருந்து பார்த்தேன். நூல்போன்ற சிலிக்கோன் குழாய் ஒன்றைச் செவிப்பறைக்குக் கொஞ்சம் முன்னால் நிற்கும்படி, செவித்திறன் வல்லுநரான ஆடியாலஜிஸ்ட் ஒருவர் நுழைத்தார். மேலே கருவியை மாட்டி, ஒலிபெருக்கியில் பேச்சை ஓடவிட்டார். காதுக்குள் உண்மையில் எவ்வளவு ஒலி சேர்கிறது என்பது கணினியில் கோடாக வந்தது. இருக்க வேண்டிய அளவு இன்னொரு கோடாக. 3000 ஹெர்ட்ஸில் இரண்டும் விலகி நின்றன. திருத்தித் திருத்தி ஒன்றின்மேல் ஒன்று வரும்வரை அவர் விடவில்லை. ஒவ்வொருவரின் காதுக்குழாயும் வேறு அளவு என்பதால் இந்த அளவீடு இல்லாமல் செய்வதெல்லாம் உத்தேசம்தான். "காதுக்குள்ள அளந்து பொருத்துவீங்களா?" என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பொருத்துபவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவரா என்றும் பாருங்கள். வசதி குறைந்தவர்களுக்கு மத்திய அரசின் ஏடிஐபி திட்டத்திலும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாகவும் கருவி கிடைக்கிறது.

மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த நாள்தான் சோதனை. மின்விசிறி இரையும், எவர்சில்வர் தம்ளரை வைத்தால் காதில் அறையும், பாலிதீன் பை சரசரக்கும். பெரியம்மா தன் செருப்புச் சத்தத்தைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். கருவி கெட்டுவிட்டது என்று பலர் கழற்றி அலமாரியில் போட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தான். உண்மையில் இந்தச் சத்தங்கள் எப்போதும் இருந்தவைதான். பல ஆண்டுகள் அவை வராமலே இருந்ததால், எதைப் பொருட்படுத்த வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்பதை மூளை மறுபடி பழக வேண்டியிருக்கிறது. அதற்குச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் ஆகும். முதலில் அமைதியான அறையில் ஒருவரோடு பேசுங்கள். பிறகு நேரத்தைக் கூட்டுங்கள். தேவைப்படும்போது மட்டும் மாட்டுவேன் என்றால் மூளைக்குப் பழக்கம் வராது.

"பானைக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு" என்பது இன்னொரு புகார். எலும்பு வழியாக வரும் சொந்தக் குரல், அடைத்த காதுக்குள் வெளியேற வழியில்லாமல் தேங்குவதால் வருவது இது. மோல்டில் துளையைப் பெரிதாக்கினாலோ திறந்த முனையை மாற்றினாலோ குறையும். கருவி விசில் அடித்தால் பெரும்பாலும் மோல்டு சரியாக உட்காரவில்லை, இல்லையென்றால் காதில் அழுக்கு இருக்கிறது. மறுபடி ஆடியாலஜிஸ்டிடம் போகும்போது "சரியில்ல" என்று மட்டும் சொன்னால் அவரால் எதையும் திருத்த முடியாது. "குக்கர் விசில் குத்துது, மருமக பேசினா புரியல, மகன் பேசினா புரியுது" என்று எழுதிக்கொண்டு போனால் எந்த அதிர்வெண்ணைத் தொட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு: கருவி போட்டால் நினைவாற்றல் சரிவு குறையுமா என்று அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரை வைத்து நடந்த ஆய்வு 2023இல் லான்செட் இதழில் வந்தது. மூன்று ஆண்டுகளில் மொத்தக் குழுவில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் நினைவாற்றல் சரிவுக்கான ஆபத்து ஏற்கெனவே அதிகமாக இருந்தவர்களிடம், கருவியும் அதற்கான ஆலோசனையும் பெற்றவர்களின் சரிவு, பெறாதவர்களைவிட 48 சதவீதம் குறைவாக இருந்தது.

பராமரிப்பில் நம் ஊர் வெக்கையும் வியர்வையும்தான் எதிரி. இரவில் ஈரமுறிஞ்சி உள்ள டப்பாவில் வையுங்கள். எண்ணெய்க் குளியலுக்கு முன் கழற்றிவிடுங்கள். துத்தநாகப் பேட்டரி காற்றில் இயங்குவது. ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிடம் விட்டுப் போட்டால் நன்றாக உழைக்கும், மறுபடி ஒட்டினாலும் மிச்சமாகாது. குழந்தைகள் கைக்கு எட்ட வைக்காதீர்கள்.

கல்யாண மண்டபத்தை எந்தக் கருவியும் முழுதாகச் சமாளிக்காது. இரைச்சலில் பல கருவிகளின் மைக்குகள் முன்னால் இருந்து வரும் பேச்சையே அதிகம் எடுக்கும். அதனால் நாதஸ்வரமும் ஸ்பீக்கரும் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நாற்காலியைப் போட்டு, பேசுகிறவரை எதிரே உட்காரவையுங்கள். வீட்டாரும் அடுத்த அறையிலிருந்து கூப்பிடுவதை விட்டு, முகம் தெரிய வந்து நின்று, பெயர் சொல்லி அழைத்த பிறகு பேச வேண்டும்.