ஹைட்ரோஜெல் வாங்குமுன் கிணற்று நீரைச் சோதியுங்கள்

நீரைப் பிடித்து வைத்து, மண் காயும்போது வேருக்கு விட்டுக் கொடுக்கும் குருணை என்று ஹைட்ரோஜெல் விற்பனைக்கு வருகிறது. கரையான்சாவடி, பூவிருந்தவல்லிப் பக்கம் மனைகளுக்கு நடுவே மிஞ்சியுள்ள நிலத்தில் கீரையோ பூவோ பயிரிடுவோரும், நாற்றங்கால் வைத்திருப்போரும் இதை வாங்கலாமா என்று யோசிப்பது இயல்பே. பயன் உண்டு. ஆனால் அது உங்கள் கிணற்று நீரைப் பொறுத்தது.

புதுடில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய பூசா ஹைட்ரோஜெல், தன் எடையைப் போல் சுமார் 350 மடங்கு தூய நீரை உறிஞ்சும். 'தூய நீர்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். குருணைக்குள் இருப்பவை வலை போல் பின்னிய நுண்ணிய இழைகள். இழைகளில் ஒரே வகை மின்னேற்றம் இருப்பதால், நீர் பட்டதும் ஒன்றையொன்று தள்ளி விலகுகின்றன. இடைவெளியில் நீர் புகுகிறது. இழைகளை இணைக்கும் முடிச்சுகள் அளவுக்கு மேல் விரியாமல் இழுத்துப் பிடிக்கின்றன. நீரில் உப்பு இருந்தால் இந்தத் தள்ளும் வேகம் அடங்கிவிடும். கறியுப்பை விடக் கால்சியமும் மெக்னீசியமும் பொல்லாதவை. சோப்பு நுரைக்காத கடின நீரில் இருப்பவை இவைதாம். இழைகளை இறுகக் கட்டிவிடுவதால், பிறகு மழை பெய்தாலும் குருணை முன்போல் பருப்பதில்லை.

சோதனை எளிது. இரண்டு பாத்திரங்களில் ஒன்றில் ஒரு லிட்டர் மழைநீரும், மற்றதில் ஒரு லிட்டர் கிணற்று நீரும் எடுத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் தலை வழித்த கால் தேக்கரண்டி குருணை போட்டு, இரவு முழுவதும் ஊறவிடுங்கள். காலையில் மெல்லிய துணியில் வடித்து, வடிந்த நீரை அளந்தால், குடித்தது எவ்வளவு என்று தெரிந்துவிடும். கிணற்று நீரில் பாதிகூடப் பருக்கவில்லையென்றால், அந்தப் பணத்துக்கு மக்கிய தொழு உரம் வாங்குவதே மேல் என்பேன்.

ஊறிய குருணையை விரலால் அழுத்தியும் பாருங்கள். ரப்பர் போல் எதிர்க்க வேண்டும். கஞ்சியாக வழிந்தால் முடிச்சுகள் குறைவு. மண்ணின் பாரத்தைத் தாங்காது. முடிச்சு மிகுந்தால் கெட்டியாக இருக்கும், நீர் குறைவாகப் பிடிக்கும். மண்ணுக்குள் எந்தக் குருணையும் பாத்திரத்தில் பருத்த அளவுக்குப் பருக்காது. மேலே மண் அழுத்துகிறது.  ஆகவே ஆழமாகப் புதைக்க வேண்டாம்.

32 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறினால் சுருங்கி நீரைக் கக்கும் கூழ் வகையும் ஆய்வுக்கூடங்களில் உண்டு. பூசா குருணை அப்படியல்ல. வெயிலில் சூடான மண்ணிலும் நீரைப் பிடிக்கும்.

ஏக்கருக்கு 1 முதல் 2 கிலோ போதும். பத்து மடங்கு உலர்ந்த பொடி மண்ணுடன் கலந்து, விதைக்கும் சாலில் இட வேண்டும். நாற்றங்காலில் சதுர மீட்டருக்கு 2 கிராம், மேல் இரண்டு அங்குல மண்ணில் கலக்கலாம். நடவின்போது லிட்டருக்கு 2 கிராம் வீதம் கலந்து, அரை மணி கழித்து வேரை நனைத்து நடலாம். இதற்கு மழைநீரே நல்லது. பொட்டாஷ், அம்மோனியம் சல்பேட், ஜிப்சம் ஆகியவற்றுடன் சேர்த்து இடாதீர்கள். யூரியா அவ்வளவு கெடுக்காது. மீதமுள்ள குருணையைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஈரம் பட்டால் கட்டி தட்டிவிடும்.